மேலே ஐஸ், கீழே சூடு: கேஸ் போட்டும் தீராத ஒரு ஃபிரிட்ஜ் கோளாறு

வீடும் ஃபிரிட்ஜும்

திருச்சியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கணவனின் அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை நோய்க்காக தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மருமகள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு வியாழன் வரை தாங்கியாக வேண்டும். ஆக, மருந்தும் சாப்பாடும் அந்த ஃபிரிட்ஜை நம்பித்தான்.

ஃபிரிட்ஜ் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. குளிரூட்டும் கேஸ் ஆர்-134ஏ. உள்ளே எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. டீஃப்ராஸ்ட் வேலையை, அதாவது உள்ளே படியும் பனியை உருக்குவதை, ஒரு மெக்கானிக்கல் டைமர் பார்த்துக்கொள்கிறது.

நான் ஃபிரிட்ஜ், ஏசி சர்வீஸ் செய்கிறவன். இந்த வீட்டுக்கு இரண்டாவதாகப் போன மெக்கானிக். எனக்கு முன்னால் நடந்ததை வீட்டார் சொன்னபடியும், அவர்கள் எடுத்து வைத்திருந்த பில்லைப் பார்த்தும் எழுதுகிறேன். பின்னால் வரும் சோதனைகள் புரிய ஒரே ஒரு விளக்கம் தேவை.

இந்த வகை ஃபிரிட்ஜில் குளிர் உண்டாகிற இடம் ஒன்றுதான்: ஃப்ரீஸரின் பின்பக்க மூடிக்குள் இருக்கும் கூலிங் காயில். அதன் வழியாக ஒரு ஃபேன் காற்றை இழுத்து, கொஞ்சத்தை ஃப்ரீஸருக்கும் மிச்சத்தைக் கீழேயும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் காயில் மேல் பனியாகப் படியும். கம்ப்ரஸர் சுமார் 8 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரைப் போடும். பனி உருகி, குழாய் வழியாகப் பின்னால் உள்ள தட்டில் விழும். காயில் போதுமான அளவு சூடானதும் ஹீட்டரை நிறுத்துவது பைமெட்டல்; குளிரில் சேர்ந்து சூட்டில் பிரிகிற ஒரு சுவிட்ச். அது நிறுத்தத் தவறினால் கடைசிக் காவலாக, சூடு எல்லை மீறினால் அறுந்துவிடும் ஒரு தெர்மல் ஃபியூஸ். அது ஒருமுறை போய்விட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

நான் போவதற்கு முன் நடந்தவை

ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பம் ஒரு வாரம் சொந்த ஊருக்குப் போயிருந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து சில நாட்களில் ஃப்ரீஸர் பக்கம் ‘கரகர’ என்று ஒரு சத்தம். ஃப்ரீஸர் கதவைத் திறந்தால் நிற்கும், மூடினால் மறுபடி கேட்கும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் கீழ்த்தட்டில் குளிர் குறைய ஆரம்பித்தது. காலையில் வாங்கிய பால் மாலையில் காய்ச்சும்போது திரிந்தது. செவ்வாய்க்கிழமையே மாவு பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்தது. ஆனால் ஃப்ரீஸரில் ஐஸ் ட்ரே வழக்கம்போல் உறைந்தது. அதைப் பார்த்து, ஃபிரிட்ஜ் ஓடத்தான் செய்கிறது, வெயில் காலத்துக்குக் குளிர் போதவில்லை என்று நினைத்து இரண்டு குமிழையும் கடைசி வரை திருகிவிட்டார்கள். இந்த மாடலில் ஃப்ரீஸர் குமிழ் திருப்புவது, உள்ளே காற்றைப் பங்கு போடுகிற ஒரு சின்னக் கதவை. அதை அதிகமாக்கினால் கீழே போகும் காற்று இன்னும் குறையும். அதுதான் நடந்தது.

இதற்கு நடுவில் அம்மா ஒரு காரியம் செய்தார். கதவுத் தட்டில் இருந்த இரண்டு இன்சுலின் குப்பிகளும் வெதுவெதுப்பாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, மேலேயாவது சில்லென்று இருக்கட்டும் என்று எடுத்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். இரண்டும் உறைந்துவிட்டன. மருந்து கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்தது. குளிர் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் பயன்படாது.

முதல் மெக்கானிக் வந்து பின்பக்கக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் குறைஞ்சிருக்கு” என்றார். ஃபிரிட்ஜைக் கடைக்கு எடுத்துப் போய் மறுநாள் மாலை திருப்பிக் கொடுத்தார். பில் 3,200 ரூபாய். ஒன்பது நாள் ஃபிரிட்ஜ் புதிது போல் ஓடியது. பத்தாம் நாள் மறுபடி அதே ‘கரகர’. இரண்டு நாளில் பால் திரிந்தது. திரும்ப வந்து பார்த்தவர், கம்ப்ரஸர் வீக் ஆகிவிட்டது, மாற்ற 7,500 ஆகும் என்றார். அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் புது ஃபிரிட்ஜே தவணையில் எடுத்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தபோதுதான் கணவர் எனக்குப் போன் செய்தார்.

போனில் கேட்டவை

இந்த மாதிரிப் புகாருக்கு முதலில் நான் கேட்பது, “இடையில் எப்போதாவது தானாகச் சரியானதா? அதற்கு முன்னால் கரண்ட் நின்றிருந்ததா?” என்பதுதான். கணவருக்கு நினைவில்லை. மருமகள் போனை வாங்கிச் சொன்னார்: முதல் மெக்கானிக் வருவதற்கு முன்பு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை. அன்று இரவு முதல் இரண்டு நாள் நன்றாகக் குளிர்ந்தது, அப்புறம் பழைய கதை.

எட்டு மணி நேரம் கரண்ட் நின்றதற்கு இரண்டு நாள் குளிர்ச்சி. கடையில் ஒரு பகல், ஓர் இரவு கதவு திறந்து கிடந்ததற்கு ஒன்பது நாள். எவ்வளவு நேரம் நின்றதோ அதற்கேற்பக் குளிர்ச்சி நீடித்திருக்கிறது. கேஸ் கசிவு இப்படி நடந்துகொள்ளாது. சீல் செய்த குழாய்க்குள் கேஸ் தானாகக் குறைவதில்லை. கசிந்துவிட்டால், கரண்டை நிறுத்திப் போட்டதும் திரும்பி வருவதும் இல்லை. உருகிப் போய் மறுபடி சேர்கிற பொருள் ஐஸ் மட்டும்தான். அந்த இடத்திலேயே சந்தேகம் டீஃப்ராஸ்ட் பக்கம் திரும்பியது.

அவர்களிடம் இரண்டு விஷயம் சொன்னேன். நான் வரும்வரை ஃபிரிட்ஜை நிறுத்தவோ ஐஸை உருக்கவோ வேண்டாம். உருகிவிட்டால் பார்க்க வேண்டியது போய்விடும். உறைந்த குப்பிகளை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் கேட்டுப் புதிதாக வாங்கி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திருச்சியின் மே மாதச் சமையலறையில் அதை வெளியே வைக்க முடியாது.

நேரில் கண்டவை

நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வைத்த தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. உணவு கெடாமல் இருக்க 5 டிகிரியோ அதற்குக் கீழோ வேண்டும். ஃப்ரீஸரில் மைனஸ் 8. இருக்க வேண்டியது மைனஸ் 18. ஐஸ் கட்டி உறைந்திருந்தாலும் ஃப்ரீஸரும் நலமாக இல்லை என்பது இங்கேதான் தெரிந்தது. தண்ணீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் ஐஸ் ட்ரேயை வைத்து ஃப்ரீஸரைக் கணிக்க முடியாது.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. வெளிக் குழாய்கள் நல்ல சூடு. கிளாம்ப் மீட்டரில் கரண்ட், பெயர்த்தகட்டில் போட்டிருந்த அளவை ஒட்டியே இருந்தது. கேஸ் குறைந்த ஃபிரிட்ஜில் வெளிக்குழாய் இப்படிச் சுடாது, கரண்டும் இறங்கிவிடும். கதவு ரப்பரை நான்கு பக்கமும் ரூபாய் நோட்டைச் செருகி இழுத்துப் பார்த்தேன், எங்கும் தளர்வில்லை. மடிப்புகளில் கரும்பூஞ்சை இருந்தது, அவ்வளவுதான்.

டிஷ்யூ பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக் கீழ்ப்பகுதியின் காற்று வாயில் தொங்கவிட்டு, கதவு சுவிட்சைக் கையால் அழுத்திப் பிடித்தேன். ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பேப்பர் அசையவில்லை.

ஃப்ரீஸரின் பின் மூடியைக் கழற்றியபோது விஷயம் வெளிச்சமாகிவிட்டது. ஸ்க்ரூ எடுத்த பிறகும் மூடி வரவில்லை, ஐஸ் பிடித்திருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஓரங்களில் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க முடிந்தது. இந்த இடத்தில் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டு நெம்பினால் அலுமினிய காயில் ஓட்டையாகிவிடும். அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும். உள்ளே காயில் கண்ணிலேயே படவில்லை. அடியிலிருந்து உச்சி வரை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. கீழே போக வேண்டிய காற்றுக்கு வழியே இல்லை. ஃபேன் இறக்கையின் நுனி ஐஸில் உரசிய வளையத் தடமும் இருந்தது. ‘கரகர’ சத்தம் அங்கிருந்துதான்.

அந்தப் பனி முழுக்கச் சீராகப் பரவியிருந்ததே கேஸ் சரியாக இருப்பதற்கான அத்தாட்சி. கேஸ் குறைவாக இருந்தால் காயிலின் நுழைவாயில் பக்கம் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி பிடித்து மற்றது வெறுமையாக இருக்கும். முதல் மெக்கானிக் இந்த மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் குழாயை வெட்டியிருக்க மாட்டார்.

ஐஸ் இருக்கும்போதே செய்த சோதனை

உருக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டர் வரிசையை மல்டிமீட்டரில் பார்த்தேன். காயில் நன்றாகக் குளிர்ந்தால்தான் பைமெட்டல் சேரும்; அறைச் சூட்டில் பிரிந்தே இருக்கும். உருகிய பிறகு சோதித்துவிட்டு ‘பைமெட்டல் ஓப்பன்’ (இணைப்பு இல்லை) என்று நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஆகவே குளிர் இருக்கும்போதே பார்ப்பது அவசியம்.

ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ் மூன்றும் சேர்ந்த வரிசையில் மீட்டர் அசையவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது. தனித்தனியாகப் பிரித்தேன். ஹீட்டர் 350 ஓம் சுமாருக்குக் காட்டியது. 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டருக்கு அதுதான் கணக்கு, எனவே ஹீட்டர் நலம். பைமெட்டல் சேர்ந்திருந்தது, அந்தக் குளிருக்கு அதுவும் சரி. 72 டிகிரி என்று அச்சடித்திருந்த ஃபியூஸ்தான் போயிருந்தது.

பலர் இங்கே வேலையை முடித்துவிடுவார்கள். ஃபியூஸ் மாற்றினால் அன்றைக்கே ஃபிரிட்ஜ் குளிரும், வீட்டாரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் இந்த ஃபியூஸ் பெரும்பாலும் சும்மா போவதில்லை, சூடு ஏறினால்தான் போகும். பைமெட்டல் ஒழுங்காக வேலை செய்கிற ஃபிரிட்ஜில், காயில் பத்து டிகிரி சொச்சத்துக்கு வந்ததுமே ஹீட்டர் நின்றுவிடும். அப்படியானால் 72 டிகிரி எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புது ஃபியூஸ் போட எனக்கு மனமில்லை.

உருக்கிய பிறகு தெரிந்தது

இரண்டு கதவையும் திறந்து வைத்து, எதிரே டேபிள் ஃபேன் போட்டு, கீழே பழைய துண்டுகளை விரித்தோம். தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயிலும் ஐஸ் அடைத்திருந்தது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக விட்டுத் திறந்தோம். பிள்ளைகள் இருவரும் துண்டு பிழிவதில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாம் உருகிக் காயில் அறைச் சூட்டுக்கு வந்ததும் பைமெட்டலை மறுபடி மீட்டரில் வைத்தேன். அப்போதும் சேர்ந்தே இருந்தது. வெளியே 38 டிகிரி வெயிலில், பிரிந்திருக்க வேண்டிய பைமெட்டல் பிரியவே இல்லை. உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐஸ் இருக்கும்போது ‘சரி’ என்று காட்டியதும் அதனால்தான். அது எப்போதுமே சேர்ந்துதான் கிடந்திருக்கிறது. ஹீட்டருக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் விளிம்பு பழுப்பேறி லேசாக வளைந்திருந்ததும் இதற்குப் பொருந்தியது.

ஏப்ரல் பயணத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் தொடக்கம் ஓரளவு பிடிபடுகிறது. காயிலில் பனி நிறைய இருக்கும்போது ஹீட்டரின் சூட்டை அதுவே வாங்கிக்கொள்ளும். பைமெட்டல் ஒட்டியிருந்தாலும், ஹீட்டருக்கு டைமர் ஒதுக்கும் நேரம் முடிவதற்குள் சூடு எல்லை மீறாது. ஒரு வாரம் யாரும் கதவைத் திறக்காததால் ஈரம் உள்ளே வரவில்லை, பனி மிகக் குறைவு. ஹீட்டர் வெறும் காயிலைச் சுட்டிருக்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது. இது என் அனுமானம்தான். ஆனால் தேதிகள் இதையே சொல்கின்றன.

எடுத்த முடிவுகள்

ஃபியூஸ், பைமெட்டல் இரண்டையும் மாற்றுவது. ஹீட்டரைத் தொடாமல் விடுவது. டைமர் மோட்டார் தானாக நகர்கிறதா என்று குறி வைத்துப் பார்த்தோம், நகர்ந்தது, அதையும் விட்டுவிட்டோம்.

கேஸ் பக்கம் போகவே இல்லை. முதல் மெக்கானிக் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு வெல்டிங்கைச் சுத்தமாக முடித்திருந்தார். கை வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை, தேவையில்லாத இடத்தில் செய்யப்பட்ட வேலை அது. கேஸை அவர் எடை போட்டு ஏற்றினாரா, அழுத்தம் பார்த்து ஏற்றினாரா என்று பில்லில் இல்லை. அதிகமாக ஏற்றியிருந்தால் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயில் பனி பிடிக்கும், பிடிக்கவில்லை. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போக வழியாகிறது என்பதால், வேலை செய்கிற ஒன்றை மறுபடி திறக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

அன்று சரியான ஃபியூஸ் கடையில் இல்லை. “தம்பி, இன்னிக்கு மட்டும் ஒயரை நேரா ஜாயின்ட் போட்டுடேன், பேரப்புள்ளைங்க தண்ணி கேக்குதுங்க” என்றார் அம்மா. “வேண்டாம்மா, தீப்பிடிக்கிற வேலை அது” என்று சொல்லிவிட்டேன். பைமெட்டல் ஒட்டிக்கொண்ட இந்த ஃபிரிட்ஜில் அந்த ஃபியூஸ் ஒன்றுதான் ஹீட்டரை நிறுத்தியது. அதைத் தாண்டி ஒயர் போட்டால், பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் சூழ்ந்த இடத்தில் 150 வாட் ஹீட்டரைக் கட்டுப்படுத்த எதுவும் மிஞ்சாது. எங்கள் தொழிலில் இதைச் சகஜமாகச் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யச் சொல்லியும் கேட்காதீர்கள். மறுநாள் ஸ்பேர் கிடைத்தது.

மாட்டும் முன் புது பைமெட்டலைச் சோதித்தேன். வெறும் ஐஸ் தண்ணீர் போதாது; ஐஸை உடைத்துக் கல்லுப்பு கலந்தால் 0 டிகிரிக்கு வெகுகீழே இறங்கும். பைமெட்டலை பிளாஸ்டிக் பையில் சுற்றி அதில் புதைத்ததும் சிறிது நேரத்தில் ‘டிக்’, மீட்டர் சேர்ந்தது. வெளியே எடுத்துக் கையில் பிடித்ததும் மறுபடி ‘டிக்’, பிரிந்தது.

விளைவு

மாட்டியதும் ஃபிரிட்ஜைக் குளிர விட்டு, மாலையில் போய் டைமரை ஸ்க்ரூ டிரைவரால் டீஃப்ராஸ்ட்டுக்கு நகர்த்தினேன். கம்ப்ரஸர் நின்றது, கிளாம்ப் மீட்டர் 0.6 ஆம்பியருக்குச் சற்று மேலே காட்டியது. ஹீட்டர் ஓடுகிறது. சில நிமிடத்தில் பின்தட்டில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. டைமர் ஒதுக்கிய நேரம் முடிவதற்கு முன்பே கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கியது. பைமெட்டல் தன் வேலையைச் செய்துவிட்டது. நான் பார்க்க விரும்பியது அந்த ஒரு நொடியைத்தான்.

மறுநாள் காலை மருமகள் அனுப்பிய படத்தில் டம்ளர் தண்ணீர் 4 டிகிரி. குமிழ்கள் இரண்டும் நடுவில். ஃப்ரீஸர் மைனஸ் 18-ஐ எட்ட இன்னொரு நாள் ஆனது. ஸ்பேரும் கூலியும் சேர்த்து, கேஸுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

முன்பு ஒன்பது நாள் ஓடிப் பத்தாம் நாள் மாட்டிக்கொண்டதால், பதினைந்து நாள் கழியும்வரை இதைச் சரியானதாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கெடு தாண்டியபின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். காயிலின் அலுமினியத் தகடுகள் தெளிவாகத் தெரிந்தன; மெல்லிய பனி மட்டும். அடுத்த மழைக்காலத்திலும் புகார் வரவில்லை.

இனி மாற்றிச் செய்பவை

அந்த வீட்டில் இப்போது நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் நிரந்தரமாக இருக்கிறது. இன்சுலின் கதவுத் தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு, பின்சுவரைத் தொடாதபடி ஒரு மூடிய டப்பாவுக்குள் போய்விட்டது. ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது என்று பேத்தி பெரிய எழுத்தில் எழுதி டப்பா மேல் ஒட்டியிருக்கிறாள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஃபிரிட்ஜில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் அன்றே போன் செய்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

என் பக்கத்தில், என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு இரண்டு விதி வைத்திருக்கிறேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே உறைந்து கீழே குளிரவில்லை என்ற புகாருக்கு, பின்மூடியைக் கழற்றிக் காயிலைப் போட்டோ எடுத்து எனக்குக் காட்டாமல் கேஸ் பற்றிப் பேசக் கூடாது. இப்போது வரும் ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்-600ஏ இருக்கிறது. அது தீப்பிடிக்கும் கேஸ் என்பதால், வீட்டுக்குள் தேவையில்லாமல் குழாயை வெட்டுவது செலவோடு நிற்காமல் ஆபத்தும் ஆகும். அடுத்து, பைமெட்டலைக் குளிரிலும் சூட்டிலும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தது கணக்கில் சேராது.

பில்லில் ‘சர்வீஸ்’ என்று ஒரு வார்த்தை எழுதுவதையும் நிறுத்தியாகிவிட்டது. இந்த வீட்டுக்குக் கொடுத்த பில்லில் எழுதியது இது: ‘தெர்மல் ஃபியூஸ் 72 டிகிரி, ஓப்பன். பைமெட்டல், சூட்டில் பிரியவில்லை. இரண்டும் மாற்றப்பட்டன. ஹீட்டர் 350 ஓம், சரி. கேஸ் திறக்கப்படவில்லை.’ அடுத்து யார் வந்து பார்த்தாலும் அவருக்கு இது போதும்.